மகன் ரயில் அறிவிப்பையே சொல்லிக்கொண்டிருக்கிறான், நிறுத்த வேண்டுமா?

2 ஜூன், காலை 11.20 (கேள்வி)

மகனுக்கு நாலரை வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் இருக்கிறோம். போன வருடம் ஆட்டிசம் என்று சொன்னார்கள். சத்தமாகத் தெளிவாகப் பேசுகிறான், ஆனால் சொந்தமாக எதுவும் சொல்வதில்லை. நாங்கள் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்கிறான், இல்லையென்றால் குழித்துறை ஸ்டேஷனில் கேட்ட "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பதை நாள் முழுக்கச் சொல்கிறான். தெரபி சென்டரில், "அர்த்தமில்லாத பேச்சை வளர விட்டா உண்மையான பேச்சு வராது, சொன்னா வாயில விரலை வச்சு நிறுத்துங்க" என்கிறார்கள். நிறுத்தத்தான் வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2 ஜூன், இரவு 9.45

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. வாயில் விரல் வைப்பது கண்டிப்பாக வேண்டாம்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. தக்கலைப் பக்கம் இருக்கிறோம். அவளும் இப்படித்தான் பேச ஆரம்பித்தாள், இன்றைக்கும் களைத்துப் போனால் பழைய வரிகளுக்குத்தான் போவாள். எங்களுக்கும் ஒரு சென்டரில் இதே அறிவுரைதான் கிடைத்தது, அவள் எதையாவது திருப்பிச் சொன்னால் உடனே "ஷ்" என்று சொல்லவேண்டும் என்றார்கள். அங்கே போய்வந்த காலத்தில் திருப்பிச் சொல்வது குறைந்தது உண்மை. கூடவே வாய் திறப்பதே குறைந்துபோனது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த இடத்தை விட்டோம்.

கேட்டதை இப்படித் திருப்பிச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1943-இல் 11 பிள்ளைகளை வைத்து ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது வருகிறது. 1946-இல் இன்னொரு கட்டுரை எழுதினார், அதில் பால் என்று ஒரு பையன். ஐந்து வயதில் கிளினிக்கில் இருக்கும்போது "நாயைப் பால்கனியிலிருந்து வீசாதே" என்கிறான். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. விசாரித்தால், மூன்று வருடம் முன்பு லண்டனில் ஒரு ஹோட்டல் பால்கனியிலிருந்து பொம்மை நாயை வீசிக்கொண்டே இருந்திருக்கிறான், எடுத்து எடுத்து அலுத்துப்போன அம்மா சொன்ன வரி அது. அதற்குப் பிறகு எதை வீசத் தோன்றினாலும் தன்னைத் தடுத்துக்கொள்ள அதையே சொல்லிக்கொள்வான். விஷயம் தெரியாதவர் காதில் அது அர்த்தமில்லாத பேச்சு. அம்மாவுக்கு முழுக்க அர்த்தம் உள்ள பேச்சு.

உங்கள் மகனின் ரயில் அறிவிப்புக்குப் பின்னாலும் ஒரு நாள் இருக்கும், ஒரு சம்பவம் இருக்கும். நிறுத்துவதற்கு முன்னால் அதைத் தேடுங்கள். ஒரு நோட்டு வாங்கி, அவன் என்ன சொன்னான், அந்த நேரம் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, அந்த வரியை முதலில் எங்கே கேட்டான் என்று மூன்றையும் எழுதிவையுங்கள். இரண்டாவதுதான் முக்கியம், எல்லாரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

3 ஜூன், காலை 6.50

நேற்று எழுதாமல் விட்டது. காது பரிசோதனை முடிந்ததா? தெளிவாகப் பேசுகிறான் என்பதால் காது நன்றாக இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. சத்தம் காது வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டை எங்கே எடுக்கலாம் என்று ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் கேட்டால் சொல்வார்கள். திருவனந்தபுரம் பக்கத்தில்தானே, மேற்கே இருக்கிற நம் ஆட்கள் ஆக்குளத்தில் இருக்கும் நிஷ்ஷுக்கும் போகிறார்கள். 1997-இல் தொடங்கிய நிறுவனம், காது கேட்பதும் பேச்சும்தான் அவர்கள் வேலையே.

3 ஜூன், இரவு 10.30

"கேட்டதையே திருப்பிச் சொல்கிறான்" என்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும், ஏனென்றால் இங்கே பதில் போட்ட மூன்று பேருமே அதை "புரியாமல் சொல்வது" என்று எடுத்துக்கொண்டீர்கள்.

என் மகள் சின்னதில் சமையலறைக்கு வந்து, பழக்குலையைப் பார்த்து, என்னிடம் "மட்டிப்பழம் வேணுமா மக்களே?" என்பாள். நான் அவளிடம் கேட்கும் கேள்வி, என் குரல், என் இழுவை, நம்ம ஊரில் பிள்ளையைக் கூப்பிடும் "மக்களே" உட்பட எல்லாம் அதில் இருக்கும். அம்மாவை மக்களே என்று கூப்பிடுகிறாளே என்று வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு, எனக்கும்தான். ஆனால் அவளைப் பொறுத்தவரை கணக்கு சரி. இந்த வரி கேட்டதும் பழம் கையில் வந்தது, அதனால் பழம் வேண்டுமென்றால் இந்த வரியைச் சொல்லவேண்டும். அவளுக்குச் சொல்லும் பொருள் இருந்தது, யார் வாயிலிருந்து வரும் வரி என்பதுதான் மாறியிருந்தது.

அதேபோல் "குளிக்கப் போலாமா?" என்று கேட்டால் "குளிக்கப் போலாமா" என்று அவள் திருப்பிச் சொல்வது சில நேரம் "ஆமா" என்பதற்குப் பதில். இதையும் கேனர் கவனித்திருக்கிறார், ஆமோதிப்பதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவது. அவர் பார்த்த டொனால்ட் என்ற பையனுக்கு "ஆமாம்" என்ற சொல்லே நீண்ட நாள் "என்னைத் தோளில் தூக்கு" என்ற பொருளில்தான் இருந்ததாம், காரணம் "ஆமாம் சொன்னால் தோளில் தூக்குவேன்" என்று சொல்லித்தான் அப்பா அதைக் கற்றுக்கொடுத்தார்! 1981-இல் பாரி பிரிசன்ட், ஜூடித் டுச்சன் என்ற இரண்டு பேச்சு ஆராய்ச்சியாளர்கள் 4 ஆட்டிசப் பிள்ளைகளை வீடியோ எடுத்து, உடனே திருப்பிச் சொல்லும் பேச்சை மட்டும் பிரித்துப் பார்த்து, அதற்கு 7 விதமான பயன்கள் இருப்பதாகக் காட்டினார்கள். தன் முறை வந்ததும் ஏதாவது சொல்வது, கேட்பது, ஆமாம் என்பது, தனக்குத்தானே யோசிப்பது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது எல்லாம் அதில் வரும். அது வந்து நாற்பது வருடம் தாண்டியும் "கண்டுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

சரி, என்ன செய்வது. கேள்வியைக் குறையுங்கள். அவன் வாயிலிருந்து எப்படி வரவேண்டுமோ அப்படி நீங்கள் சொல்லுங்கள். பழத்தைப் பார்க்கிறானா, "பழம் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுங்கள். "வேணும்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்து வைக்காதீர்கள், "சொல்லு" என்பதையும் சேர்த்துத் திருப்பிச் சொல்வான்.

இதில் தமிழ் நமக்கு உதவி செய்கிறது. திருவனந்தபுரத்தில் எங்களுக்குக் கொடுத்த ஆங்கிலத் தாளில் எல்லாம் "நான்", "எனக்கு" என்று தொடங்கும் வரிகள், அதில்தான் இந்தப் பிள்ளைகள் நான், நீ மாறி மாறித் தடுமாறுவார்கள். தமிழில் வேணும், வேண்டாம், போதும், பசிக்குது, வலிக்குது, பிடிக்கும், முடியல, போலாம் இவையெல்லாம் யார் சொன்னாலும் ஒன்றுதான். முன்னால் நான் போடவேண்டாம், பின்னால் விகுதி மாறாது. நீங்கள் சொன்னதை அவன் அப்படியே திருப்பிச் சொன்னாலும் அது சரியான வாக்கியம்! "சாப்பிடுறியா?" மாதிரியான வரியில்தான் சிக்கல், திருப்பிச் சொன்னால் விகுதி தப்பாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் முதலில் அந்த எட்டுச் சொற்களைத்தான் பிடித்தோம். "வர்றேன், வர்றியா" எல்லாம் ரொம்பப் பிறகு வந்தது, இன்னமும் சில நாள் குழம்புவாள், குழம்பட்டும்.

5 ஜூன், மாலை 4.10

ஒரு சகோதரர், "அப்போ அவன் சொல்ற ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடிக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். முதல் நாள் எழுதியதை அப்படி யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். சில வரிகள் சும்மா வாய்க்கு ருசியாக இருப்பதால் வருகின்றன. என் மகள் "களியக்காவிளை களியக்காவிளை களியக்காவிளை" என்று ஊஞ்சலில் இருந்து மணிக்கணக்காகச் சொல்வாள், அந்த ழகர ளகர ஓசையும் தாளமும் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் நான் எதையும் தோண்டுவதில்லை. சந்தோஷமாக இருக்கிறாளா, சொல்லட்டும்.

எப்போது கவனிக்கவேண்டும் என்றால், திடீரென்று வரும்போது, முகம் மாறும்போது, ஒரே வரி வேகமாக அடுத்தடுத்து வரும்போது, உங்களைப் பார்த்துச் சொல்லும்போது. பழகிவிட்டால் இரண்டுக்கும் குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

5 ஜூன், மாலை 4.25

மேலே ழகர ளகர ஓசை என்று எழுதிவிட்டேன், களியக்காவிளையில் ழ இல்லை. ள மட்டும்தான். குழித்துறையும் அவளுக்குப் பிடித்த ஊர், அதையும் சேர்த்து நினைத்து எழுதிவிட்டேன்.

6 ஜூன், இரவு 11.05

கவனிக்கவேண்டிய வரி என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒன்றைச் சொல்கிறேன். இது எல்லா அம்மாக்களுக்கும் வேண்டும்.

தடுப்பூசி போடும்போது நர்ஸ் அக்கா, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்க மாதிரிதான்" என்று சொல்லி ஊசி போட்டார். நல்ல மனுஷி, ஆசையாகத்தான் சொன்னார். வெகு நாள் கழித்து ஒரு ராத்திரி மகள் தூங்காமல் நடந்துகொண்டே "எறும்பு கடிக்க மாதிரிதான், எறும்பு கடிக்க மாதிரிதான்" என்கிறாள். மாமி படுக்கையை எல்லாம் உதறிப் பார்த்தார்கள், எறும்பு இல்லை. விளக்கைப் போட்டுக் கையைக் காலைப் பார்த்தோம், ஒரு தடிப்பும் இல்லை. ஊசி ஞாபகம் வந்த பிறகுதான் உறைத்தது, அவளுக்குத் தெரிந்த வலி அதுதான், வலிக்கு அவளிடம் இருந்த ஒரே வாக்கியமும் அதுதான். உடம்பெல்லாம் மெதுவாகத் தொட்டுப்பார்த்தோம், இடது காதுப் பக்கம் போனதும் கையைத் தட்டிவிட்டாள். காலையில் டாக்டரிடம் போனால் காதுக்குள் நல்ல சீழ்.

நினைத்துப் பாருங்கள், அந்த வரியை "அர்த்தமில்லாத பேச்சு" என்று பழக்கி நிறுத்தியிருந்தால் அந்த ராத்திரி அவளிடம் சொல்வதற்கு எதுவுமே இருந்திருக்காது. காது வலியை அழுகையாகவோ தலையை முட்டுவதாகவோ காட்டியிருப்பாள், நாங்கள் "வாசி பிடிக்கிறாள்", அதாவது அடம் பிடிக்கிறாள், என்று விட்டிருப்போம்.

அதற்குப் பிறகு "வலிக்குது" என்பதை வேண்டுமென்றே பழக்கினோம். எனக்கு விரலில் அரிவாள்மணை பட்டால் "ஆ, வலிக்குது, விரல் வலிக்குது" என்று அவள் பார்க்கச் சொல்வேன். அவள் விழுந்தால் "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல" என்று சொல்வதை வீட்டில் எல்லாரும் விட்டோம். மாமிக்குத்தான் கஷ்டம், நம்ம ஊரில் பிள்ளை விழுந்தால் வாயில் தானாக வருவது "ஒண்ணுமில்ல மக்களே"தானே. ஆனால் வலிக்கிற நேரத்தில் "ஒண்ணுமில்ல" என்று கேட்டால், வலித்தால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லவேண்டும் என்று இந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அது ஆபத்து.

8 ஜூன், மதியம் 2.40

ஜெஸ்டால்ட், அதாவது பேச்சை முழு வரியாக எடுத்துக்கொண்டு கற்பது என்ற கோட்பாடு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒருவர் ஏதோ கட்டணப் பயிற்சியின் விளம்பரத்தையும் போட்டிருக்கிறார். நான் படித்ததைச் சொல்கிறேன்.

சில பிள்ளைகள் பேச்சை ஒற்றைச் சொல்லாகச் சேர்க்காமல் முழு வரியாக, ராகத்தோடு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை ஆன் பீட்டர்ஸ் என்ற மொழியியலாளர் 1977-இலேயே எழுதினார், அது ஆட்டிசம் பற்றியதல்ல, பொதுவாகக் குழந்தைகள் மொழி கற்பது பற்றியது. பிரிசன்ட் 1983-இல் அதை ஆட்டிசப் பிள்ளைகளோடு பொருத்தினார். பிறகு மார்ஜ் பிளாங்க் என்ற ஸ்பீச் தெரபிஸ்ட் 2012-இல் அதைப் படிப்படியான ஒரு முறையாக ஆக்கினார்: முதலில் முழு வரி, அப்புறம் இரண்டு வரிகளின் துண்டை ஒட்டுவது, அப்புறம் ஒற்றைச் சொல், அப்புறம் சொந்த வாக்கியம். கேட்க அழகாக இருக்கிறது, என் மகளிடம் சிலது அப்படியே நடந்ததும் உண்மை. கருப்பட்டி வட்டு மாதிரி முழுசாகக் கையில் இருந்த வரி, ஒரு கட்டத்தில் உடைந்தது. "எறும்பு கடிக்க மாதிரிதான்" என்பதிலிருந்து "கால் கடிக்க மாதிரி" வந்தது, அதன் பிறகுதான் "கால் வலிக்குது".

ஆனால் என் மகளிடம் நடந்தது என்பதால் எல்லாரிடமும் நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். 2024-இல் இந்த முறையை வைத்துச் செய்த சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று முறையாகத் தேடிப் பார்த்த ஒரு ஆய்வு வந்தது, அவர்கள் வைத்த தகுதிக்குள் ஒரு ஆராய்ச்சிகூடத் தேறவில்லை. அதே வருடம் வேறொரு குழுவும் இந்தக் கோட்பாட்டைக் கடுமையாக விமர்சித்து எழுதியது. ஆக, எக்கோலாலியாவுக்குப் பயன் இருக்கிறது என்பது ஒன்று, அதற்குப் பல காலமாக ஆதாரம் இருக்கிறது. இந்தப் படிநிலைப் பயிற்சிதான் பேச்சைக் கொண்டுவரும் என்பது வேறு, அதற்கு இன்னும் ஆதாரம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறார்கள். அதிலும் "ஒற்றைச் சொல் கற்றுக்கொடுக்கவே கூடாது" என்று சொல்கிற ஆட்களிடம் ஜாக்கிரதை. "வலிக்குது" ஒற்றைச் சொல்தான். அதைக் கற்றுக்கொடுக்காமல் எந்தப் படிக்காகவும் நான் காத்திருக்கமாட்டேன்.

காசு கட்டவேண்டாம். அதே காசுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல தெரபிஸ்ட்டிடம் சில செஷன் கிடைக்கும்.

9 ஜூன், காலை 7.15

நேற்று ரொம்பக் கனமாகிவிட்டது. இதைக் கேளுங்கள். கொல்லத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், என் மகள் உள்ளிருந்து வந்து, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க, ரைட்!" என்றாள். வடசேரி பஸ்ஸில் கேட்டது. எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இதைவிடப் பொருத்தமாக யாராலும் வரவேற்க முடியாது.

11 ஜூன், இரவு 9.20

மார்த்தாண்டத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு. "இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போவதால் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னார்கள், பாட்டி மலையாளம் கலந்து பேசுவதால்தான் பேச்சு தாமதம் என்கிறார்கள்" என்று கேட்டிருந்தீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் எந்த வீட்டில் மலையாளம் கலக்காமல் பேசுகிறோம்? 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் வழி வந்த மாநிலத்தில்தானே இருந்தோம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று 2012-இல் கனடாவில் நடந்த ஆய்வில் பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு வந்தவையும் அப்படித்தான் சொல்கின்றன.

எனக்கு இதில் ஆய்வை விடப் பெரிய காரணம் இருக்கிறது. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நீங்கள் பேசினால் நாலைந்து வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் பேசுவீர்கள். வரியை அப்படியே எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பதே அந்த நாலைந்து வரி என்றால் அது எதை வைத்துப் பேசும்? பாட்டி பேசட்டும், திட்டட்டும், கதை சொல்லட்டும், கலந்தே பேசட்டும்.

அப்புறம், யூடியூப் பார்த்து அமெரிக்க உச்சரிப்பில் கலர் பெயர் எல்லாம் சொல்கிறான் என்று சந்தோஷப்பட்டிருந்தீர்கள். சந்தோஷப்படுங்கள், அவன் நினைவாற்றல் பெரியது. ஆனால் தாகம் எடுத்தால் என்ன சொல்கிறான் என்று ஒரு வாரம் பாருங்கள். அதற்குச் சொல் இல்லையென்றால் கலர் பெயர்களைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம். வீட்டுக்கு யார் வந்தாலும் "இது என்ன கலர் சொல்லு, மாமாக்கு ஏ பி சி சொல்லு" என்று பரீட்சை வைப்பதையும் நிறுத்துங்கள். இந்தப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கக் கேட்க, அவர்களிடம் சேர்வது கேள்விகள்தான்.

14 ஜூன், மதியம் 1.30

கருங்கல் தங்கச்சி நேற்று எழுதியது எல்லாரும் படித்திருப்பீர்கள். நோட்டில் எழுதிப் பார்த்திருக்கிறார், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" பெரும்பாலும் மிக்ஸி ஜாரை எடுக்கும்போதும், கிணற்று மோட்டார் போடப் போகும்போதும், ஒரு தடவை பக்கத்துக் கோவில் கொடை விழாவுக்கு மைக் செட் கட்டும்போதும் வந்திருக்கிறது. ஸ்டேஷனில் அந்த அறிவிப்பு முடிந்து கொஞ்ச நேரத்தில் வண்டி இரைந்துகொண்டு உள்ளே வந்தபோது அவன் காதைப் பொத்தி அழுதானாம்.

எனக்குப் படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அவன் "பெரிய சத்தம் வரப்போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். உங்களிடம் சொன்னானா, தனக்குச் சொன்னானா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இனி மிக்ஸி போடுவதற்கு முன் நீங்களே "சத்தம் வருது" என்று சொல்லுங்கள், காதைப் பொத்திக் காட்டுங்கள், பிறகு போடுங்கள். அவன் அறிவிப்பைச் சொன்னால், "ஆமா, சத்தம் வருது" என்று பதில் கொடுங்கள். திருத்தவேண்டாம், "அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்லு" வேண்டவே வேண்டாம், அவன் வரிக்குப் பக்கத்தில் உங்கள் வரியை வைத்தால் போதும். எடுத்துக்கொள்ளும்போது எடுத்துக்கொள்வான். முடிந்தால் காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள், கொடை, திருவிழா சீசனுக்கு நிச்சயம் வேண்டும். கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காட்டுக்கும் ஹெட்ஃபோன் போட்டுத்தான் என் மகள் வருவாள், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

15 ஜூன், இரவு 8.50

தெரபிஸ்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பலரும் கேட்பதால். ஸ்பீச் தெரபி செய்பவர் பிஏஎஸ்எல்பி என்கிற பேச்சு, கேட்புத் துறைப் பட்டம் படித்திருக்கவேண்டும், ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். குறுகிய காலப் பயிற்சி முடித்துவிட்டு போர்டு மாட்டியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இவன் திருப்பிச் சொல்றதை நீங்க என்ன செய்வீங்க?" நிறுத்துவேன் என்பவரையும் வேண்டாம், மூன்று மாதத்தில் சரியாக்கிவிடுவேன் என்பவரையும் வேண்டாம். "எப்போ சொல்றான், எங்கே கேட்டான்" என்று உங்களைத் திருப்பிக் கேட்பவர் நல்லவர். செஷனில் உங்களை உள்ளே உட்காரவிடுகிறாரா என்றும் பாருங்கள், கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் வீட்டில் நாம் என்ன செய்யமுடியும்?

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு, ஆட்டிசத்தை அளக்கும் ஐசா என்ற அளவுகோலில் 40 கேள்வி வைத்து மதிப்பெண் போடுவார்கள், 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். திருப்பிச் சொல்வதற்கும் நான், நீ மாறுவதற்கும் அதில் தனித்தனிக் கேள்வி இருக்கிறது, அதனால் உங்கள் நோட்டைக் கொண்டுபோங்கள், அன்றைக்கு அவன் அங்கே வாயே திறக்காமல் இருக்கலாம். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிய பிறகு நிராமயா காப்பீட்டுக்கு எழுதிப்போடுங்கள், தேசிய அறக்கட்டளையின் திட்டம், ஆட்டிசத்துக்கு உண்டு, வருடம் 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் வரும்.

படம் தொட்டுப் பேசும் செயலி கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடுமா என்ற பயம் எனக்கும் இருந்தது. 2006-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நம்பகமாக அளந்திருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் இருக்கிறது. வரியாகப் பேசும் பிள்ளைக்கும் அது உதவும், பதற்றத்தில் பழைய வரி மட்டுமே வாயில் வரும்போது விரல் சரியான படத்துக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

18 ஜூன், காலை 6.30

ஒரு சித்தப்பா, "பிள்ளை கோயில்ல, சர்ச்ல சத்தமா சொன்னா என்ன செய்ய, எல்லாரும் திரும்பிப் பாக்காங்க" என்று எழுதியிருந்தார். இடம் பார்த்து நடந்துகொள்வதைக் கற்றுக்கொடுக்கலாம், அது வாயை மூடுவது ஆகாது. "இங்க மெதுவா" என்று நாமே கிசுகிசுத்துக் காட்டினால் என் மகள் அதே வரியைக் கிசுகிசுப்பாள். முடியாத நாளில் வெளியே கூட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் நடப்போம். அன்றைக்குப் பூசையில் பாதிதான் கிடைக்கும், கடவுள் கணக்குப் பார்க்கமாட்டார்.

20 ஜூன், இரவு 10.15

தங்கச்சி, அவனை யுகேஜியில் சேர்த்தாயிற்று, டீச்சருக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். நீளமாக ஆட்டிசம் பற்றி எழுதிக் கொடுக்காதீர்கள், நாற்பது பிள்ளைகள் வைத்திருக்கும் டீச்சருக்குப் படிக்க நேரம் இருக்காது. அரைப் பக்கம் போதும். நான் என் மகளுக்கு எழுதுவதை உங்கள் மகனுக்கு மாற்றித் தருகிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்:

"இவன் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று சொன்னால் சத்தத்துக்குப் பயப்படுகிறான். 'ஆமா, சத்தம் வருது' என்று சொல்லுங்கள், காதைப் பொத்திக்கொள்ள விடுங்கள். கேள்வியைத் திருப்பிச் சொன்னால் கேலி செய்வதாக நினைக்கவேண்டாம், சில நேரம் அது ஆமாம் என்பதாகும். பாத்ரூம் போகவேண்டுமா என்று கேட்காமல், கதவைக் காட்டி 'பாத்ரூம் போலாம்' என்று சொல்லுங்கள். பெல் அடிப்பதற்கு முன்னால் முடிந்தால் அவனிடம் சொல்லிவிடுங்கள். புதிதாக ஏதாவது வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் டைரியில் எழுதி அனுப்புங்கள், எங்கே கேட்டான் என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் புது வரிகளை வைத்துத்தான் அங்கே அவனிடம் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். யாராவது அதட்டியிருந்தால் அதே குரலில் வீட்டில் வரும். வேன் டிரைவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள், ஆயாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.